பேத்தைக்கு வைத்த கண்ணாடித் தொட்டி

போன மாதம் எங்கள் மீன்துறையில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் அதிகாரி வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்றவர்களிடம் கட்டுரை வாங்கி ஒரு மலர் போடுகிறார்களாம். இனிப்புப் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு, செல்போனில் ஒரு படம் காட்டினார். அவருடைய அலுவலக மேஜை மேல் சின்னக் கண்ணாடித் தொட்டி, உள்ளே பச்சைப் பசேலென்று செடிகள், நடுவில் விரல் நுனி அளவுக்கு மஞ்சளும் கறுப்புப் புள்ளியுமாக ஒரு மீன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. பேத்தை. பயந்தால் பந்து போல ஊதிக்கொள்கிற மீன். இது கடலில் இருப்பதல்ல, நல்ல தண்ணீரில் வாழ்கிற குட்டிப் பேத்தை.

"கரண்டு மோட்டார்கூட இல்லாத காலத்துல நீங்க திண்டிவனத்துல இதே மீனுக்குத் தொட்டி வெச்சீங்களாமே சார்? பழைய ஆளுங்க சொன்னாங்க. அதை எழுதுங்க சார், ஜாலியா இருக்கும்" என்றார்.

ஜாலியாக இருக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று நினைப்பவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம். அதில் யாராவது தாம் எப்படி நேர்மையாக வேலை பார்த்தோம் என்று எழுதியிருப்பார்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. ஐம்பதுகளின் கடைசியில் ஃபீல்டுமேன் வேலைக்கு எடுத்தார்கள். சில மாதம் மீன் வகை, குளத்துக் கணக்கு, மருந்துக் கணக்கு படித்தோம். பிறகு விழுப்புரத்தில் ஒரு வருஷம் ஏரி ஏரியாகச் சைக்கிள் மிதித்தேன். அங்கிருந்து திண்டிவனத்துக்கு வெளியே இருந்த மீன்குஞ்சுப் பண்ணைக்கு மாற்றினார்கள். எட்டுக் குளம், ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு. அவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம்.

அதற்கு ராஜா இன்ஸ்பெக்டர் சபாநாயகம். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. உட்காரும் முன் கைக்குட்டையை நாலாக மடித்து நாற்காலியில் விரிப்பார். பேனா மூடியை மேஜையில் மெதுவாகத் தட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி பேசுவார். எட்டு வருஷம் அவர் கீழே இருந்தேன். "இதைச் செய்" என்று அவர் யாருக்கும் சொன்னதே இல்லை. "அப்படி இருந்தா நல்லாருக்கும்" என்பார். அதோடு நிறுத்திக்கொள்வார். மிச்சத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

நான் போன புதிதில் ஜன்னலை மறைத்து ஒரு வேப்பமரம் நின்றது. "வெளிச்சம் வந்தா நல்லாருக்கும்" என்றார். தோட்டக்காரர் அடுத்த நாளே மரத்தை வெட்டினார். யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தபோது இன்ஸ்பெக்டர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு தோட்டக்காரரைக் கேட்டார், "நான் வெட்டச் சொன்னேனா?" அந்த மனுஷர் யோசித்துப் பார்த்தார். சொல்லவில்லைதான். தன் தப்புதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அபராதம் கட்டினார். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கத்தான் செய்தது. ஆனாலும் என்ன பண்ணுவது, எனக்குப் புரொபேஷன் முடியவில்லை, ஃபைல் அவர் மேஜையில் இருந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பண்ணையில் வலை இழுக்கும் ஆள் கன்னியப்பன். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அவர் என்னை 'சார், வாங்க' என்பார். நான் அவரை 'கன்னியப்பா, வா' என்பேன். அப்போது அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை, எனக்கும்தான். அவர் தம்பி கடலில் போய்த் திரும்பவில்லை. உடல்கூடக் கரை சேரவில்லை. அதற்குப் பிறகு மனைவி கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார், இனிக் கடலில் கால் வைப்பதில்லை என்று. அதனால்தான் குளத்து வேலைக்கு வந்தார். ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். அந்த வருஷம் நிரந்தரம் ஆகப்போகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. நிரந்தரமானால் பண்ணையிலேயே ஒரு குடியிருப்பு கொடுப்பார்கள், குடும்பத்தை அழைத்துவந்துவிடலாம். ஓட்டுக் கட்டடத்துக்குப் பின்னால் பூட்டியிருந்த அந்த ஓர் அறை வீட்டின் ஜன்னலில் அவ்வப்போது எட்டிப் பார்த்துவிட்டு வருவார். "அடுப்பு இந்தாண்ட போட்டா பொகை நேரா வெளிய பூடும் சார்" என்று என்னிடம் யோசனை கேட்பார்.

அறுபதுகளின் தொடக்கம். ஒருநாள் இன்ஸ்பெக்டர் ஒரு கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார், "கேரளாவுல நம்ம சிநேகிதர் ஒருத்தர், அங்க ஆத்துல ஒரு குட்டிப் பேத்தை இருக்குங்கறார். ஒரு கண்ணாடித் தொட்டியில அது ஆபீஸ்ல நீந்திக்கிட்டு இருந்தா நல்லாருக்கும்."

விஷயத்தைக் கன்னியப்பனிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பேத்தைக்கா? கண்ணாடி வூடா? எங்க ஊர்ல வலையில மாட்டிச்சின்னா தலையில அடிச்சிக்கினு தூக்கிப் போடுவோம் சார். வெசம். வலையக் கடிச்சி ஒரு வழி பண்ணிடும். பேஜாரு புடிச்ச மீனு." சிரித்தவர்தான் பிறகு அந்தத் தொட்டிக்காக நாயாய் உழைத்தார்.

தொட்டி வைத்த விதத்தைத்தான் இளம் அதிகாரி கேட்டார். சொல்கிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். பட்டறையில் ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்தோம். இப்போது மாதிரிக் குழாயில் பிதுக்கும் பசை கிடையாது. ரெட் லெட் என்கிற சிவப்பு ஈயப் பொடியையும் சாக்பீஸ் பொடியையும் ஆளிவிதை எண்ணெயில் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, அந்த மாவை வைத்துத்தான் கண்ணாடியை அழுத்த வேண்டும். அது காய்ந்த பிறகும் விஷம் போகாது. தண்ணீர் நிரப்பி வைத்து மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டிக் கொட்டி மாற்றினோம். ஒரு மாதம் ஆயிற்று. இன்ஸ்பெக்டர் தினமும் வந்து வெறும் தொட்டியைப் பார்த்து, "மீன் இருந்தா நல்லாருக்கும்" என்பார். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் அசைந்து கொடுக்கவில்லை.

மணல் சங்கராபரணி ஆற்றிலிருந்து வந்தது. ஏழு தண்ணீர் அலசினேன். ஏழாவது தண்ணீர் குடிக்கிற தண்ணீர் போல இருந்தது. அதில் எனக்குப் பெருமை. பின்பக்கம் மூன்று விரல்கட்டை, முன்பக்கம் ஒன்று என்று சரிவாகப் பரப்பினோம். செடிகளைக் கன்னியப்பன் பிரம்மதேசம் ஏரியிலிருந்து கொண்டுவந்தார். வேலம்பாசியைப் பின்வரிசையில் அடர்த்தியாகவும், நாடா போல நீளும் புல்லை ஓரங்களிலும் நட்டோம். வேர் மிதக்காமல் இருக்க ஒவ்வொரு கொத்துக்கும் சின்ன ஓட்டுச்சில்லைக் கட்டினார். மோட்டார் கிடையாது, காற்று கொடுக்க வேண்டியது செடிதான். அதனால் கிழக்கு ஜன்னலோரம் வைத்தோம், காலையில் இரண்டு மணி நேரம் வெயில் விழும்படி. கிணற்றுத் தண்ணீர் பாதி, ஏரித் தண்ணீர் வடிகட்டியது பாதி. மீன் இல்லாமலே இருபது நாள் விட்டோம். செடி புதுத் துளிர் விட்ட பிறகுதான் கன்னியப்பன், "இப்ப ஆளு குடி வரலாம்" என்றார்.

மீன் ரயிலில் வந்தது. யார் யாரோ கைமாற்றி விழுப்புரம் ஜங்ஷன் வரைக்கும் வந்துவிட்டது. நாங்கள் இருவரும் போய் வாங்கினோம். அகன்ற வாய் பாட்டிலுக்குள் மூன்று மீன்கள், இரண்டு செத்திருந்தன. மூன்றாவது ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் கன்னியப்பனையும் பார்த்தது. அந்த மீனுக்குக் கண்கள் தனித்தனியாகத் திரும்பும். திண்டிவனம் பஸ்ஸில் பாட்டிலை ஈரத்துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் கன்னியப்பன் இருக்கையிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தார். கண்டக்டர், "இன்னா பெரியவரே, மூலமா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

வந்ததும் தொட்டியில் ஊற்றிவிடலாம் என்றேன். விடவில்லை. பாட்டிலைத் தொட்டியிலேயே மிதக்கவிட்டு, கால் மணிக்கு ஒரு கை தண்ணீர் என்று அரை நாள் சேர்த்தார். அப்புறம் பாட்டிலைச் சாய்த்தார். மீன் தானே வெளியே வந்து, செடிகளுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு, வேலம்பாசிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தது.

அது தூள் தீனி தொடவில்லை. அரிசிப் பொரி, தவிடு, எதையும் பார்க்கக்கூட இல்லை. கன்னியப்பன்தான் ஏரி நத்தையைப் பிடித்து வந்தார், மிளகு அளவு உள்ளது. "இதுக்குப் பல்லு வளர்ந்துக்கினே இருக்கும் சார். ஓடு கடிச்சாதான் தேயும். இல்லாட்டி வாய் மூடிக்கினு பட்டினியில செத்துப்பூடும். கடல் பேத்தையும் இப்பிடித்தான்." நத்தை கண்ணாடியில் ஊர்ந்தது. மீன் அதன் முன்னால் அப்படியே நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. பிறகு 'டிக்'கென்று ஒரு சத்தம். வெறும் ஓடு மணலில் விழுந்தது. நாங்கள் இருவரும் குழந்தைகள் போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் வேலைக் காலம் முழுக்கத் தேடினாலும் அப்படியொரு சந்தோஷமான காலை எனக்கு வேறு கிடைக்காது.

வந்தவர்கள் எல்லோரும் மீன் ஊதுவதைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். குச்சியை விட்டுக் குத்தப் பார்ப்பார்கள். கன்னியப்பன் குறுக்கே வந்து நின்றுவிடுவார். "ஊதறது அதுக்கு வெளையாட்டு இல்லீங்க. உசுரு போவப் போவுதுன்னு நெனச்சாதான் ஊதும்." நான்கு மாதத்தில் அது ஒருமுறைகூட ஊதவில்லை.

நத்தை பெருகியது. ஒரு மீன் எத்தனைதான் தின்னும்? கண்ணாடி முழுக்கக் கடுகு கடுகாகக் குஞ்சு நத்தைகள். கன்னியப்பனுக்கு அதில் சந்தோஷம்; "வூட்ல அரிசி மூட்டை இருக்கற மாதிரி" என்பார். அப்போதுதான் மெட்ராசிலிருந்து பெரிய அதிகாரி மனைவியோடு பண்ணைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் இன்ஸ்பெக்டர் தொட்டிமுன் நின்றார். கைக்குட்டையால் வெளிக்கண்ணாடியைத் துடைத்தார். நத்தைகள் உள்ளே இருந்தன, போகவில்லை.

"அம்மா வேற வர்றாங்க. அருவருப்பா நெனைப்பாங்க. கண்ணாடி சுத்தமா இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

"மீனுக்கு அதுதான் சார் சாப்பாடு" என்றேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். "குளத்துல நத்தை வந்தா நாம என்ன செய்யறோம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

குளத்தில் நத்தை வந்தால் மயில்துத்தம் போடுவோம். நீலக் கட்டிகளைச் சாக்குப்பையில் கட்டிப் படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போவோம். எங்கள் துறையில் பாசி வந்தாலும் துத்தம், நத்தை வந்தாலும் துத்தம். அலமாரியில் டின் இருந்தது. அளவு தவறினால் மீனுக்கும் எமன் என்பது பயிற்சியில் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். மீனை வெளியே எடுத்து ஒரு பானையில் விட்டுவிட்டுச் செய்யலாம். ஆனால் மீனைப் பிடிக்கக் கன்னியப்பன் வேண்டும். அவர் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் கூடாது என்று குறுக்கே நிற்பார். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. "தொட்டிக்குப் புதுப் பாசி வேணும், பிரம்மதேசம் போய்ட்டு அப்படியே வீட்டுக்குப் போய் நாளைக்கு வந்தால் போதும்" என்று அவரை அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போகச் சொன்னதற்கு அவர் எனக்கு நன்றி சொன்னார்.

குளத்துக் கணக்கை வகுத்து வகுத்து ஓர் அரிசி அளவுத் துணுக்குக்குக் கொண்டுவந்தேன். கரைத்து ஊற்றினேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். நத்தைகள் அப்படியே ஊர்ந்தன. மீன் ஒரு நத்தையைக்கூடக் கடித்தது. அதோடு விட்டிருக்கலாம். வாசலில் இன்ஸ்பெக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டாவது துணுக்கையும் போட்டேன். அது முதலாவதைவிடப் பெரியது.

பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. குளத்தில் சேறு இருக்கிறது, பாதி விஷத்தை அது குடித்துவிடும். என் தொட்டியில் சேறு ஏது? ஏழு தண்ணீர் அலசிய மணல் அல்லவா.

காலையில் நத்தைகள் எல்லாம் கீழே உதிர்ந்திருந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. மீன் மூலையில் கறுத்துப்போய், வாலைச் சுருட்டிக்கொண்டு, வேகவேகமாக மூச்சு வாங்கியது. நல்ல தண்ணீருக்கு மாற்றலாம் என்று வாளி எடுக்கும்போதே கார் வந்துவிட்டது.

அந்த அம்மாள் தொட்டியருகே குனிந்தபோது மீன் மேலே வந்தது. திடீரென்று உப்பியது. வெள்ளை வயிறு நெல்லிக்காய் போல் திரண்டு மேலே திரும்பியது. "அய்யோ, ஊதுது பாருங்க! எவ்வளவு அழகு!" என்று அவர் கை தட்டினார். பெரிய அதிகாரி சிரித்தார். இன்ஸ்பெக்டர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்த எட்டு வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அந்த ஒருமுறைதான். நானும் சிரித்தேன்.

வாசலுக்கு வெளியே ஈரப் பாசிக் கூடையைத் தலையில் வைத்தபடி கன்னியப்பன் நின்றிருந்தார். பெரியவர்கள் இருக்கும்போது உள்ளே வரக் கூடாது என்பது வழக்கம். அங்கிருந்தே பார்த்துவிட்டார். கார் போனதும் கூடையோடு உள்ளே ஓடிவந்து தொட்டிக்குள் கையை விட்டார். மீன் அவர் உள்ளங்கையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்கிச் சுருங்கியது. அப்புறம் அசையவில்லை.

"தண்ணியில இன்னா சார் போட்டீங்க?"

"ஒண்ணும் போடலியே."

"நத்தையெல்லாம் எங்க?"

"காலையில செத்துக் கெடந்துச்சு. எடுத்துப் போட்டேன்."

அவர் பளிச்சென்றிருந்த கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே, "நத்தையே செத்துச்சா" என்றார். வேலம்பாசி நட்டிருந்த மணலிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு போய், மீனைப் பூட்டிக் கிடந்த அந்தக் குடியிருப்புக்குப் பக்கத்தில் புதைத்தார்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. அம்மாளுக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். மெட்ராசில் நடக்கும் பொருட்காட்சிக்கு அந்த மீனைத் தொட்டியோடு அனுப்ப வேண்டுமாம். மீன் இல்லை என்று பதில் போனது. எப்படி இறந்தது, யார் பொறுப்பு என்று விளக்கம் கேட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். பேனா மூடி தட்டியது. "நத்தை கொண்டுவந்தது யாரு?"

"கன்னியப்பன் சார். ஆனா..."

"உங்க புரொபேஷன் ஃபைல் இந்த வாரம் அனுப்பணும்" என்றார் ஜன்னலிடம். பேனாவை மூடிவிட்டு, "அவரே எழுதிக் குடுத்துட்டா நல்லாருக்கும்" என்றார்.

கன்னியப்பனுக்கு எழுதத் தெரியாது. எழுதியது நான். என் கையெழுத்து அந்தக் காலத்தில் மணி மணியாக இருக்கும். ஒரு முழுப் பக்கம். தொடக்கத்தில் அவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், எத்தனை வருஷமாக வேலை. நடுவில், 'பலமுறை எச்சரித்தும் கேளாமல் ஊர் ஏரியிலிருந்து நோயுற்ற நத்தைகளைக் கழுவாமல் கொண்டுவந்து தொட்டியில் விட்டேன். அதனால் நீர் கெட்டு மீன் இறந்தது. இது முழுவதும் என் கவனக்குறைவே.' கடைசியில், 'மேற்கண்டவை உண்மை.'

அவரை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். பெயர் படித்தேன், ஊர் படித்தேன், வேலைக்குச் சேர்ந்ததைப் படித்தேன். நடுப்பகுதி வந்ததும், 'மேற்படி மீன் இன்ன தேதியில் இறந்துவிட்டது' என்று தாளில் இல்லாத ஒரு வரியைப் படித்தேன். பிறகு, 'மேற்கண்டவை உண்மை.'

அவர் தாளைப் பார்த்தார். "அவ்ளோதானா சார்? எழுத்து நெறைய இருக்குதே."

"கவர்மெண்டு எழுத்து கன்னியப்பா. சுத்திச் சுத்தித்தான் எழுதுவோம்."

சிரித்தார். "அதுவும் சரிதான்" என்று கட்டைவிரலை நீட்டினார். நான்தான் அந்த விரலைப் பிடித்து மையில் அழுத்தித் தாளில் உருட்டினேன். வலை இழுத்து இழுத்து ரேகையே தேய்ந்திருந்தது. சரியாக விழவில்லை என்று இரண்டாவது முறையும் வைத்தேன்.

இரண்டு மாதத்தில் பட்டியலிலிருந்து அவர் பெயர் போனது, அதைத் தொடர்ந்து வேலையும் போனது. அதே மாதம் எனக்குப் புரொபேஷன் முடிந்ததாக உத்தரவு வந்தது. அவரை நீக்கும் உத்தரவு வருவது முன்பே தெரிந்ததால், அவர் தன் வலை ஊசியையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துப் போக வரும் நாளில் நான் லீவு போட்டுவிட்டேன். விழுப்புரத்துக்குப் போய் ஜங்ஷனில் காரணமே இல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ஆறேழு வருஷம் கழித்து மரக்காணத்துக் கழிமுகத்தில் இறால் குஞ்சு பார்க்கப் போனேன். அதற்குள் நான் ஜீப்பில் போகிற ஆள். உப்பளத்து வரப்பில் ஒருவர் உப்பு வாரிக்கொண்டிருந்தார். பாதம் இரண்டும் வெளுத்து வெடித்திருந்தன. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அவர்தான் கண்டுபிடித்தார். "ஃபீல்டுமேன் சார்!" என்று வரப்பிலேயே ஓடிவந்தார்.

கடலுக்குத் திரும்பவில்லையாம். சத்தியம் சத்தியம்தானாம். பனைமரத்தடிக்கு என்னை இழுத்துப் போய் நுங்கு சீவிக் கொடுத்தார். வாங்கித் தின்றேன். நான் ஏதோ காகிதம், ஏதோ வருத்தம் என்று உளற ஆரம்பித்தேன்.

"அத்த உடுங்க சார். ஆர்டர் வந்தப்ப ஸ்கூல் வாத்தியாரு படிச்சிக் காட்டுனாரு. நான் எழுதிக் குடுத்ததா நத்தை சமாச்சாரமெல்லாம் அதுல இருந்துச்சு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சிச்சு, நீங்க ஏன் அன்னிக்கு அத்தப் படிக்கலன்னு."

நுங்கு கையிலேயே நின்றது.

"நாந்தான் மீனைக் கொன்னேன்னு மொகத்துக்கு நேரா படிச்சா என் மனசு இன்னா பாடுபடும்னுதானே தாண்டிப் போய்ட்டீங்க? மேலருந்து எழுதச் சொன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க? அந்த நல்ல மனசு யாருக்கு வரும்? எங்க வூட்ல இன்னிக்கும் சொல்லுவேன் சார்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். படிச்சவரு நீங்க. நெசமாவே நான் கொணாந்த நத்தைதானா? நல்லா அலசித்தான் சார் போட்டேன். எனக்கு நாபகம் இருக்குது."

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். என்னைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. இன்ஸ்பெக்டர் இல்லை, ஃபைல் இல்லை. புரொபேஷன் எப்போதோ முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் அந்த 'நல்ல மனசு' போய்விடும். அதுவும் எனக்கு வேண்டியிருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

என் மௌனத்தை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். "சரி. அப்ப நத்தைதான்" என்று தலையாட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாவம், நம்மாளு" என்றார் மீனை. ஜீப் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

சில வருஷத்தில் அவர் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இன்ஸ்பெக்டர் சபாநாயகம் பெரிய பதவி வரைக்கும் போய் ஓய்வு பெற்றார். அவருக்கு நடந்த பாராட்டு விழாவில், அதிர்ந்து ஒரு சொல் பேசாத உத்தமர் என்று நானே மேடையில் பேசினேன். அதில் பொய் எதுவும் இல்லை, அதுதான் வேடிக்கை.

மலருக்குக் கட்டுரை கேட்ட தம்பிக்கு: தொட்டியில் நத்தை பெருகினால் பெருகட்டும். யாராவது பெரியவர்கள் வந்து சுத்தமாக இருந்தால் நல்லாருக்கும் என்றால், வாயைத் திறந்து முடியாது என்று சொல்லுங்கள். நான் எழுதியதில் ஒரு வரியையும் வெட்டாமல் போடுங்கள். அன்றைக்கு நடுவில் விட்டுப் படித்தது போதும்.

கன்னியப்பண்ணே, நத்தை இல்லை. நீங்க நல்லாத்தான் அலசிப் போட்டீங்க. தண்ணியில துத்தம் போட்டது நான்.